முடிச்சில் நிற்கும் கதை

நீர்வேட்கை கொண்ட காகம் ஒன்று, அடியில் சிறிதே நீர் நின்ற குடத்தைக் கண்டு, கூழாங்கற்களை ஒவ்வொன்றாய் உள்ளே இட்டு, நீர் மேலெழுந்ததும் பருகிப் பறந்த கதையைக் கேளாமல் வளர்ந்த தமிழ்க் குழந்தை அரிது. ஈசாப்பின் பெயரால் வழங்கும் அக்கதை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக நாடுவிட்டு நாடு சென்று வருகிறது. அது நடக்கக்கூடியதுதானா என்று ரூக் பறவைகளிடமே கேட்டறிந்தது 2009ஆம் ஆண்டில். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கிறிஸ்டோபர் பேர்டு, நேத்தன் எமரி என்னும் ஆய்வாளர் இருவர், காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த அப்பறவைகள் நான்கின்முன் ஒளிபுகும் குழாய் ஒன்றை நிறுத்தினர். குழாயில் நீர், நீர்மேல் அலகுக்கு எட்டாத ஆழத்தில் மிதக்கும் புழு, அருகே கற்கள். நான்கு பறவைகளும் கல்லிட்டு நீரை உயர்த்திப் புழுவைக் கவ்வின. சிறுகல்லைவிடப் பெருங்கல் விரைந்து பயன்தரும் என்பதையும், நீருக்கு மாற்றாக மரத்தூள் நிறைந்த குழாயில் கல்லிடுவது வீண் என்பதையும் அவை விரைவிலேயே கற்றுக்கொண்டன.

மூன்றாண்டுகள் கழித்து லூசி சீக், நிக்கோலா கிளேட்டன் உள்ளிட்ட கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அதே வகைக் குழாய்களை 4 முதல் 10 வயது வரையுள்ள குழந்தைகளின்முன் வைத்தனர். 8 வயதை எட்டியோர் முதன்முறையிலேயே வழியைப் பற்றினர். 5 முதல் 7 வயதினரோ பறவைகளைப் போலவே இட்டும் தவறியும் திருந்தியும் சில முறைகளில் கற்றனர். வியப்பூட்டியது வேறோர் அமைப்பு. பொருள் மிதக்கும் குழாயின் வாய் கல் நுழையாதபடி குறுகியது. அருகே நிற்கும் அகன்ற குழாய்கள் இரண்டில் ஒன்று மட்டும் அடியில் அதனோடு மறைவாக இணைக்கப்பட்டது. இணைந்த குழாயில் கல்லிட்டால், தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் குறுகிய குழாயில் நீர் உயரும். முன்னர் இவ்வமைப்பில் ஜே என்னும் பறவைகள் தோற்றிருந்தன, குழந்தைகள் கற்றுக்கொண்டனர். இது நடக்கக்கூடியதா என்னும் ஐயம் குழந்தையைத் தடுப்பதில்லை, நடப்பதைக் கண்டு அது கற்றுக்கொள்கிறது என்பதே ஆய்வாளர் கண்ட விளக்கம்.

இனிக் கதை சொல்லும் நம்மைப் பார்ப்போம். காகம் சிறிது நேரம் எண்ணியது, அதற்கு ஒரு வழி தோன்றியது என்று ஒரே மூச்சில் கடந்துவிடுகிறோம். அலகை உள்ளே விட்டுப் பார்த்ததா, குடத்தைச் சாய்க்க முயன்றதா, முதற்கல் விழுந்தபின் நீர் உயர்ந்ததாகத் தெரிந்ததா, எத்தனையாவது கல்லில் சலிப்புத் தட்டியது என்னும் கேள்விகள் எழுமுன்பே காகம் நீரைக் குடித்து முடித்துவிடுகிறது. நீதியை அடையும் விரைவு நமக்கு. விடாமுயற்சியையும் புதுவழி காணும் திறனையும் இளஞ்சிறாரிடம் கதைவழி வளர்க்க இயலுமா என்னும் வினாவுக்கு உளவியல் ஆய்வுகள் தரும் விடைகளை ஒருங்கே வைத்து நோக்கினால், அருஞ்செயற் கதையின் பயன் முடிவில் விளைவதினும், கதைமாந்தர் வழி தெரியாது நிற்கும் முடிச்சிலேயே மிகுதியும் விளைகிறது என்பது என் துணிபு. முடிச்சில் கதை எவ்வளவு நேரம் நிற்கிறது, அந்நேரத்தில் கேட்கும் குழந்தைக்கு என்ன வேலை இருக்கிறது என்பவையே பயனை அளக்கின்றன.

முடிச்சில் நிற்கும் உரம் குழந்தைக்கு எங்கிருந்து வரும்? உருசிய உளவியலாளர் லெவ் விகோட்ஸ்கி 1933ஆம் ஆண்டில் லெனின்கிராடில் ஆற்றிய உரையொன்றில் இவ்வினாவுக்கான விடையின் வித்து உள்ளது. விளையாட்டில் குழந்தை தன் வயதையும் தன் அன்றாட நடத்தையையும் விஞ்சி நிற்கிறது என்றார் அவர். மருத்துவராகவோ வண்டியோட்டியாகவோ நடிக்கும் குழந்தை விருப்பம்போல் நடந்துகொள்வதில்லை. ஏற்ற வேடத்தின் நெறிகளுக்குத் தானே கட்டுப்படுகிறது. பிறர் இட்டால் ஏற்காத கட்டுப்பாட்டை விளையாட்டில் மகிழ்ந்து ஏற்கிறது. அடுத்த ஆண்டே, 37 வயதில், என்புருக்கி நோயால் விகோட்ஸ்கி மறைந்தார். அவர் வழிவந்த மனுயிலென்கோ இக்கருத்தை எளியதொரு செய்முறையால் சோதித்தார். அசையாமல் நில் என்று சொன்னால் குழந்தை எவ்வளவு நேரம் நிற்கும்? நீ காவல்வீரன், உன் இடத்தைவிட்டு நகரக்கூடாது என்று விளையாட்டுக்குள் வைத்துச் சொன்னால் எவ்வளவு நேரம் நிற்கும்? வெறுமனே நின்றவர்களைக் காட்டிலும் காவல்வீரர்கள் நெடுநேரம் நின்றனர்.

இதே எண்ணத்தின் அண்மைக்கால வடிவம் 2017ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று. இரேச்சல் ஒயிட், சிடெபனி கார்ல்சன், ஈதன் கிராஸ், ஏஞ்சலா டக்வொர்த் முதலியோர் நடத்திய அவ்வாய்வில் 4 வயதும் 6 வயதும் ஆன 180 குழந்தைகள் பங்கேற்றனர். அவர்களுக்குக் கணினியில் சலிப்பூட்டும் வேலையொன்று தரப்பட்டது: படங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வரும், குறித்த படம் வந்தால் விசையை அழுத்த வேண்டும், வேறு படம் வந்தால் வாளாவிருக்க வேண்டும். பத்து நிமிடம் இதைச் செய்தால் பேருதவியாக இருக்கும் என்று சொல்லப்பட்டது. ஆயின், வேண்டும்போது எழுந்துபோய் அருகே ஐபேடில் உள்ள விளையாட்டை ஆடவும் இசைவு உண்டு. ஆய்வாளரின் சூழ்ச்சி அந்த ஐபேடில் இருக்கிறது. வாழ்க்கை குழந்தையின்முன் வைக்கும் கவர்ச்சிக்கு அது நேர்ப்படி.

குழந்தைகள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு வகையினர் ‘நான் கடுமையாக உழைக்கிறேனா?’ என்று தம்மைக் கேட்டுக்கொள்ளப் பணிக்கப்பட்டனர். அடுத்த வகையினர் தம் பெயரையே சொல்லி, வேறொருவரைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டனர். மூன்றாம் வகையினர் கதைமாந்தராயினர்: பேட்மேன், வீடு கட்டும் பாப், ராபன்சல், நாடு காண் சிறுமி டோரா ஆகியோருள் ஒருவரைத் தேர்ந்து, அவருக்குரிய அணியையும் பூண்டு, ‘பேட்மேன் கடுமையாக உழைக்கிறாரா?’ என்று கேட்டுக்கொண்டனர். வேலையில் மிகுதியாக நிலைத்தவர்கள் வேடம் பூண்டவர்கள். அடுத்து, தம் பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள். கடைசியில் நின்றவர்கள் ‘நான்’ என்றவர்கள்.

இம்முடிவைக் கேட்டு மேலங்கி வாங்கக் கடைக்கு ஓடுமுன் மற்றொரு கணக்கையும் நோக்க வேண்டும். எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால், நேரத்தில் 37 விழுக்காடே வேலையில் கழிந்தது. எஞ்சிய 63 விழுக்காடும் ஐபேடுக்கே போயிற்று. வேடம் தந்தது ஒரு கைத்தாங்கல். மனத்தையே மாற்றும் மந்திரம் அன்று. பத்து நிமிட நிலைப்பைக் கொண்டு வாழ்நாள் பண்பை அளந்துவிட்டதாகக் கொள்வதும் தகாது. ஆயினும் அதன் காரணம் எண்ணத்தக்கது. சலிப்பின் நடுவே இருக்கும் குழந்தைக்குச் சலிப்பே உலகம். பிறர் ஒருவரின் கண்ணால் தன்னைப் பார்க்கும்போது அச்சலிப்புக்கும் தனக்கும் இடையே சிறு தொலைவு பிறக்கிறது; அத்தொலைவில் தெரிவு செய்ய இடம் கிடைக்கிறது. ஏற்ற மாந்தர் எளிதில் கைவிடாதவர் என்று குழந்தை முன்பே அறிந்திருப்பதும் துணைபுரியலாம்.

தமிழ்க் குழந்தைகளுக்கு அத்தகைய மாந்தர் ஒருவர் நெடுங்காலம் மாதந்தோறும் வந்துகொண்டிருந்தார். 1947ஆம் ஆண்டு சூலையில் தோன்றிய அம்புலிமாமா இதழில், ஓவியர் சங்கரின் தூரிகையில், உருவிய வாளும் தோளில் பிணமுமாய்ச் சுடுகாட்டில் நடந்த விக்கிரமனே அவர். பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் வடமொழியில் தொகுத்த கதைக்கடலிலும் இடம்பெற்ற பழங்கதை அது. அதன் அமைப்பை இன்று மீண்டும் பார்க்கும்போது அதன் நுட்பம் விளங்குகிறது. அப்பிணத்துள் குடிகொண்ட வேதாளம் கதை சொல்லி ஒரு சிக்கலை முன்வைக்கும். விடை தெரிந்தும் வாய் திறவாவிட்டால் மன்னன் தலை சிதறும். வாய் திறந்தாலோ வேதாளம் பறந்துபோய் மரமேறிவிடும். விடை சரியாக இருப்பதாலேயே முயற்சி தோற்கிறது. மன்னன் மீண்டும் மரத்தடிக்கு நடக்கிறான். தோல்வியைக் கதையின் முறையான உறுப்பாக்கி, ஒவ்வொரு முறையும் வினாவில் நிறுத்திக் கேட்போரைத் தீர்ப்புச் சொல்ல வைக்கும் இவ்வமைப்புக்கு இணையானதைச் சிறுவர் இலக்கியத்தில் நான் அதிகம் கண்டதில்லை. பிணமும் சுடுகாடும் நான்கு வயதுக்கு ஆகா என்போர் பிணத்தை விட்டுவிட்டு அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

விடாமுயற்சி ஒருபுறமிருக்க, சிக்கலை அவிழ்க்கும் வழியைக் கதையிலிருந்து குழந்தை எடுத்துக்கொள்கிறதா என்பது வேறு கேள்வி. இதைவிடக் கடினமான கேள்வியும்கூட. கீத் ஹோலியோக், எலன் ஜன், டாரிட் பில்மன் ஆகியோர் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதில் முன்னோடி. மேசைமேல் இரண்டு கிண்ணங்கள். கைக்கெட்டும் கிண்ணத்தில் சிறு உருண்டைகள், அவற்றை எட்டாத் தொலைவில் உள்ள மற்றொரு கிண்ணத்துக்கு மாற்ற வேண்டும், இருக்கையைவிட்டு எழக்கூடாது. கைத்தடி, தடித்த பெரிய தாள், கத்தரிக்கோல், நூல், ஒட்டுநாடா முதலியன அருகே கிடக்கும். வேலையைத் தருமுன் குழந்தைகளுக்குக் கதை ஒன்று சொல்லப்படும். குடுவைக்குள் வாழும் பூதம் புதிய குடுவைக்குக் குடிபெயர்கிறது. தன் மணிகளை ஒன்றுகூடச் சிந்தாமல் கொண்டுசேர்க்க வேண்டும். ஒரு கதையில் பூதம் தன் மந்திரக்கோலால் புதுக்குடுவையை அருகே இழுத்துக்கொள்கிறது. மற்றொரு கதையில் தன் மந்திரக் கம்பளத்தைச் சுருட்டிக் குழலாக்கி, அதன்வழியே மணிகளை உருட்டிவிடுகிறது.

மந்திரக்கோல் கதையைக் கேட்ட பள்ளிமுன் பருவக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் கைத்தடியால் கிண்ணத்தை இழுத்தனர். கம்பளக் கதையைக் கேட்டவர்களில் தாளைச் சுருட்டியவர் அதனினும் குறைவு. கோலும் தடியும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கின்றன. கம்பளமும் தாளும் அப்படியில்லை. பத்து வயதைக் கடந்தவர்களுக்கு இவ்வேற்றுமை பெருந்தடையாகவில்லை. சிறு குழந்தை கதையின் தோற்றத்தைப் பிடித்துக்கொண்டு அதன் உள்ளமைப்பை நழுவவிடுகிறது என்று அன்று பலரும் முடிவு கட்டினர்.

முடிவு கட்டியதில் அவசரம் இருந்தது என்பதை இரண்டாண்டுகளில் ஆன் பிரவுனும் உடன் ஆய்ந்தோரும் காட்டினர். அவர்கள் சுருட்டும் கதையையே 4, 5 வயதுக் குழந்தைகளிடம் சொன்னார்கள். ஆனால் சொன்னபின் கேள்வி கேட்டார்கள். யாருக்குச் சிக்கல்? அவர் என்ன செய்ய விரும்பினார்? எது தடுத்தது? எப்படித் தாண்டினார்? இந்நான்கையும் தாமாகவோ கேள்விக்கு விடையாகவோ சொல்லிப் பார்த்த குழந்தைகள், பூதத்தின் வழியை வேறு மாந்தரின் வேறு சிக்கலுக்குக் கொண்டுசென்றனர். கதையை வெறுமனே கேட்டு, இந்த எலும்புக்கூட்டை நினைவில் கொள்ளாதவர்கள் தடுமாறினர். குழந்தையிடம் இல்லாதது அறிவு என்று எண்ணப்பட்டது. உண்மையில் இல்லாதது முடிச்சில் சற்றே நிறுத்திவைக்கும் ஒரு பெரியவர். என் துணிபுக்கு நான் சார்ந்து நிற்கும் சான்றுகளுள் இதுவே வலிமையானது. கேள்விகள் நான்கும் எத்துணை எளியவை! ‘இக்கதையால் நீ அறிவது யாது?’ என்னும் பாடநூல் வினாவுக்கு அவற்றுள் இடமில்லை.

பள்ளி விழாக்களில் ‘குழந்தைகள் அனைவரும் பிறவிப் படைப்பாளிகள்’ என்று பேசப்படும்போது கைதட்டல் எழுகிறது. ஆய்வு அவ்வளவு தாராளமாக இல்லை. 2002ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் பெட்டி என்னும் நியூ கலிடோனியக் காகம், நேரான கம்பியைத் தானே வளைத்துக் கொக்கியாக்கி, குழாயின் அடியில் கிடந்த சிறு வாளியைத் தூக்கி உணவுண்டது. அதே செயலைச் சேரா பெக்கும் உடன் ஆய்ந்தோரும் 2011ஆம் ஆண்டில் குழந்தைகளிடம் வைத்தனர். எளிதில் வளையும் கம்பி கையில் இருந்தும், 4, 5 வயதினரில் மிகச் சிலருக்கே அதை வளைக்கத் தோன்றியது. 8 வயதிலும் பலருக்குத் தோன்றவில்லை. கொக்கி செய்வதை ஒருவர் காட்டிவிட்டாலோ சிறு குழந்தைகளும் நொடியில் செய்தனர். கைத்திறன் குறைவில்லை, கண்ட வழியைப் பின்பற்றுவதிலும் குறைவில்லை, காணாத வழியைத் தானே புனைவதுதான் அரிது. தென்னாப்பிரிக்கப் பகுதியின் புதர்வாழ் மக்களின் குழந்தைகளிடமும் மேலைநாட்டுக் குழந்தைகளிடமும் ஒப்பிட்டுப் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்விலும் இருசாராரும் ஏறத்தாழ ஒரே வகையில் தடுமாறினர். வளர்ப்பு முறையைக் குறைகூறி இதைக் கடந்துவிட முடியாது.

ஆனால் இதற்கு எதிர்த்திசையில் இழுக்கும் ஆய்வொன்றும் உண்டு. டிம் ஜெர்மன், மார்கரெட் டிஃபைட்டர் இருவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது அது. போபோ என்னும் பொம்மைக்கரடிக்குக் கால் குட்டை, தாவ இயலாது, அதன் விளையாட்டுச் சிங்கம் உயரத்தட்டில் இருக்கிறது. மரக்கட்டைகளை அடுக்கினாலும் எட்டாது. பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் அடுக்கினால் எட்டும். பெட்டி வெறுமையாகக் கிடந்தபோது மூத்த குழந்தைகளுக்கு இவ்வழி எளிதில் புலப்பட்டது. பெட்டிக்குள் பொருள்களைப் போட்டுக் கொடுத்தபோதோ 6, 7 வயதினர் திகைத்தனர். பெட்டி என்றால் பொருள் வைக்கும் கலம் என்னும் எண்ணம் அவர்களைக் கட்டிப்போட்டது. 5 வயதினரை அக்கட்டு தீண்டவில்லை. அவ்வமைப்பில் அவர்கள் தம்மினும் மூத்தோரைவிட விரைந்து வழி கண்டனர்.

இரண்டையும் அருகருகே வைத்தால் சிறு குழந்தையின் நிலை தெளிவாகிறது. பொருள்களின் வழக்கமான பயன் அதன் மனத்தை இன்னும் இறுக்கவில்லை. ஆகவே கையில் உள்ளதைப் புதிதாய்ப் பயன்படுத்த அது அஞ்சாது. ஆனால் இல்லாத ஒன்றை உருவாக்க, வேண்டுவது என்ன, அதற்கு எவ்வடிவம் ஏற்றது, அவ்வடிவம் பெற எதை என்ன செய்யலாம் என்று பல படிகளைக் கோத்துப் பார்க்க வேண்டும். அக்கோவை அதற்கு இன்னும் கைகூடவில்லை. கதை துணைநிற்கக்கூடிய இடம் இதுவே. கதைமாந்தர் நீண்ட கம்பியை எடுக்கிறார். வாளியில் படுகிறது, ஆனால் பற்றவில்லை. ஏன் பற்றவில்லை? நுனி வழுக்குகிறது. வழுக்காதிருக்க நுனி எப்படி இருக்க வேண்டும்? தோல்வி ஒவ்வொன்றும் அடுத்த முயற்சிக்கு ஒரு செய்தியை விட்டுச்செல்லும்படி கதை கட்டப்பட்டால், படிகளைக் கோக்கும் வேலையைக் கதையும் குழந்தையும் பகிர்ந்துகொள்கின்றன. மூன்று முறை தோற்று நான்காம் முறை வென்றான் என்று வெறும் எண்ணிக்கை சொல்லும் கதையில் இப்பயன் இல்லை. அங்கே முதல் மூன்று முயற்சிகளும் நேரம் கடத்துவன. நான்காவது, ஊழின் அருள்.

பெரியவரின் உழைப்பைக் காண்பதும் குழந்தைக்குப் பாடமே என்பதற்கு 15 மாதக் குழந்தைகளிடமிருந்து சான்று கிடைத்திருக்கிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜூலியா லெனர்டும் லாரா ஷுல்சும் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பெரியவர் ஒருவர் கலத்துக்குள் இருந்த பொம்மைத் தவளையை வெளியே எடுக்க முயல்வதைக் குழந்தைகள் கண்டனர். சிலர் கண்டது பாடுபட்டுப் பெற்ற வெற்றியை. சிலர் கண்டது நொடியில் கிட்டிய வெற்றியை. பின்பு இசை எழுப்பும் பொம்மை ஒன்று குழந்தையிடம் தரப்பட்டது. அதன் பெரிய பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. பாடுபட்டவரைக் கண்ட குழந்தைகளே அப்பொத்தானைக் கூடுதல் முறை அழுத்திப் பார்த்தனர். பேச்சு இன்னும் சரிவர வராத வயதில் இது நிகழ்கிறது. அறிவுரைக்கு அங்கே வாய்ப்பே இல்லை.

அதே லெனர்டின் 2021ஆம் ஆண்டு ஆய்வு இதன் மறுபக்கம். 4, 5 வயதுக் குழந்தை புதிரோடு போராடும்போது பெரியவர் குறுக்கிட்டுத் தாமே முடித்துக் கொடுத்தால், அடுத்து வரும் கடினமான வேலையை அக்குழந்தை விரைவில் கைவிடுகிறது. நம் வீடுகளில் இது அன்பின் பெயரால் நாள்தோறும் நடப்பது. சட்டைப் பொத்தானை மாட்டத் திணறும் பிள்ளையின் கையை விலக்கிவிட்டு நாமே மாட்டிவிடுகிறோம். பள்ளி வண்டி வந்துவிடுமே என்பதும் உண்மைதான். கதையிலும் அதையே செய்கிறோம் என்பதுதான் நாம் கவனியாதது. மூச்சடக்கிக் கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தை ‘அப்புறம்?’ என்பதற்குள் அரசனையோ தேவதையையோ அறிவுள்ள கிழவரையோ அனுப்பி முடிச்சை அவிழ்த்துவிடுகிறோம்.

அளவுக்கு மிஞ்சிக் கற்பிப்பதும் வழியை அடைக்கும். எலிசபெத் பொனவிட்சும் உடன் ஆய்ந்தோரும் 2011ஆம் ஆண்டில் மறைவான நான்கு வேலைப்பாடுகள் கொண்ட பொம்மை ஒன்றைப் பயன்படுத்தினர். ‘இது இப்படித்தான் இயங்கும்’ என்று ஆசிரியரைப் போல் ஒன்றைக் காட்டிக் கொடுத்தபோது குழந்தைகள் அதையே திரும்பத் திரும்பச் செய்தனர். தற்செயலாகக் கண்டதுபோல் அதே ஒன்றைக் காட்டியபோது எஞ்சியவற்றையும் தேடிக் கண்டனர். கதை சொல்பவர் ‘எனக்கே தெரியவில்லையே, இவன் இப்போது என்ன செய்வான்?’ என்று விழிப்பதற்கு அறிவியல் அடிப்படை உண்டென்றால் அது இதுவே. நம் பாட்டிமார் அவ்விழிப்பில் தேர்ந்தவர்கள்.

விளையாட்டு நயமிக்க கதைகளை எழுதுவோர் விரும்பாத சான்று ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பேசும் விலங்குகளும் மாய உலகங்களும் குழந்தையை ஈர்ப்பது உண்மை. ஆனால் அங்கே கற்றதைத் தன் வாழ்வுக்குக் கொண்டுவரக் குழந்தை தயங்குகிறது. இரெபெக்கா ரிச்சர்ட்டும் பிறரும் செய்த ஆய்வுகளில், மாய மாந்தர் கண்ட தீர்வைவிட இயல்பு மாந்தர் கண்ட தீர்வையே பள்ளிமுன் பருவக் குழந்தைகள் மிகுதியும் எடுத்துக்கொண்டனர். 2018ஆம் ஆண்டில் டொரான்டோ ஆய்வாளர்கள், பகிர்ந்துகொள்வது பற்றிய படக்கதை ஒன்றை விலங்குகளைக் கொண்டும் மாந்தரைக் கொண்டும் இருவகையாகப் படித்துக் காட்டினர். மாந்தர் கதையைக் கேட்டோர் தம் ஒட்டுப்படங்களைக் கூடுதலாகப் பகிர்ந்தனர். விலங்குக் கதையைக் கேட்டோரிடம் அவ்வுயர்வு இல்லை. குழந்தைக்கு மாயம் எது, மெய் எது என்று பிரித்தறியும் மதி இருக்கிறது. மாய நாட்டின் சட்டம் தன் வீட்டுக்குச் செல்லாது என்று அது கருதுவதில் பிழையில்லை. ஆகவே மாயம் வேண்டுமெனில் அது இடத்திலும் மாந்தரிலும் இருக்கலாம்; சிக்கலின் தீர்வில் இருக்கலாகாது. கம்பளம் பறக்கலாம்; ஆனால் மணிகள் அதன்வழியே உருளும்போது உலகப் பொருள்கள் உருள்வதுபோலவே உருள வேண்டும்.

கதையின் ஆற்றலுக்கு வெளியே நிற்கும் எல்லையொன்றும் உண்டு. செலஸ்ட் கிட் முதலியோர் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், சொன்ன சொல்லைக் காத்த பெரியவரைக் கண்ட குழந்தைகள் இனிப்பைத் தின்னாமல் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தனர். வாக்குத் தவறியவரைக் கண்டவர்கள் 3 நிமிடமே. முயற்சி பயன் தராத சூழலில் முயற்சியை விடுவது அறிவுடைமைதான்; குழந்தை அதைக் கணக்கிடுகிறது. வாக்குப் பிழைக்கும் வீட்டில் எத்தனை விக்கிரமன் கதைகள் சொன்னாலும் அக்கணக்கு மாறாது.

நம்மிடம் ஏற்கெனவே உள்ள கதையொன்றை எடுத்துக்கொள்வோம். பாரதத்தில் பாண்டவரும் கௌரவரும் சிறுவராயிருந்தபோது அவர்கள் ஆடிய பந்து கிணற்றில் விழுகிறது. நூற்றுவரும் ஐவரும் கிணற்றைச் சூழ்ந்து நின்று உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். அவ்வழியே வந்த துரோணர் ஒரு நாணற்புல்லை எய்து பந்தைத் தைத்து, அப்புல்லை மற்றொரு புல்லால் தைத்து, இப்படியே சங்கிலியாக்கிப் பந்தை மேலே இழுக்கிறார். சொல்வோர் அனைவரும் துரோணரின் வில்திறத்தை வியந்து, அவர் ஆசிரியரான செய்திக்கு விரைகிறார்கள். ஓர் அழகிய முடிச்சை நூற்றைந்து பிள்ளைகளிடமிருந்து பறித்துப் பெரியவர் ஒருவர் அவிழ்த்துவிட்ட கதை இது என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

துரோணர் வருமுன் கதையைக் கிணற்றடியிலேயே நிறுத்தலாம். யாருக்குச் சிக்கல், என்ன வேண்டும், எது தடுக்கிறது என்று கேட்கலாம். பீமன் குதித்துவிடுவான் என்று ஒரு குழந்தை சொல்லும். எப்படி ஏறி வருவான் என்று அர்ச்சுனனின் குரலில் கேட்க வேண்டும். நீண்ட குச்சி என்று மற்றொன்று சொல்லும். குச்சி பந்தில் பட்டது, பந்து உருண்டு மறுபக்கம் போய்விட்டது என்று கதையை நகர்த்த வேண்டும். அப்போது குச்சிக்கு இன்னும் என்ன தேவை என்னும் கேள்வி தானே எழும். பசை என்பார் சிலர், முள் என்பார் சிலர், வலை என்பார் சிலர். தவறான விடைக்குத் தலையசைத்து மறுப்பதைவிட, அதைக் கதைக்குள் செய்துபார்த்து நடப்பதைச் சொல்வதே முறை. பின் குறுகிய வாயுள்ள ஒரு பானை, அதனுள் ஒரு பந்து, கைநிறையத் தென்னை ஈர்க்கு, நூல், களிமண், பழைய கரண்டி ஆகியவற்றைத் தரையில் வைத்துவிட்டு, நீதான் இப்போது அர்ச்சுனன் என்று சொல்லிச் சற்று விலகி அமரலாம். குட்டையான பல பொருள்களைப் பிணைத்தால் நெடிய ஒரு பொருள் கிடைக்கும் என்னும் துரோணரின் அறிவு அந்த ஈர்க்குக் கட்டுக்குள் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பவர்க்கு வில் தேவையில்லை. ஒரு பொழுதில் முடியாவிட்டால் பானை அப்படியே மூலையில் இருக்கட்டும். துரோணர் வரும் பகுதியை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம். அவர் வராமலே போனாலும் அக்கதைக்கு இழப்பில்லை.